மூன்று கால் கேமரா

தனராஜ் சார் பிரேக்கை மிதிப்பதற்குள் கேமரா அவரைப் பார்த்துவிட்டது.

முத்தையாபுரத்திலிருந்து தூத்துக்குடி டவுனுக்குப் போகிற ரோட்டில், உப்பளத்து ஓரம் வளைவு திரும்பியதும், மூன்று கால் ஸ்டாண்டின் மேல் அது உட்கார்ந்திருந்தது. மேலே பெரிய குடை. குடைக்கடியில் ஒரு காக்கிச் சட்டைக்காரர் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். சாருடைய ஸ்கூட்டர் முள் அறுபதில் நடுங்கிக்கொண்டிருந்தது. எதிரே ரோட்டோரப் பலகையில் 'வேகம் 40' என்று எழுதியிருந்தது.

அந்தப் பலகையை வைக்கச் சொன்னதே அவர்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், 1995-ல், முந்நூறு பேரிடம் கையெழுத்து வாங்கிக் கலெக்டருக்கு மனுக் கொடுத்தவர் தனராஜ் சார். உப்பு லாரிகள் பறக்கின்றன, மீன் வேன்கள் பாய்கின்றன, ஆகவே இந்த ரோட்டில் வேகப் பலகையும், வெளிநாட்டில் இருப்பதுபோல் வேகம் பிடிக்கும் கேமராவும் வைக்க வேண்டும் என்று நாலு பக்கம். கேட்டதில் பலகை மட்டும் சீக்கிரம் வந்தது. கையெழுத்துப் போட்ட முந்நூறு பேருக்கும் கேமரா வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. அது அடுத்தவனைப் படம் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வாரம்தான் கேமராவும் வந்துவிட்டது என்று ஊரே பேசியது. டீக்கடை தாணுலிங்கம் அண்ணாச்சி அதைப் பற்றி வகுப்பே எடுத்தார்.

"ஜப்பான் மிஷினாம்லா. வேகத்தையும் எழுதிரும், மொகத்தையும் எடுத்துரும். மூக்குல மச்சம் இருந்தாக்கூட விழுமாம்."

தனராஜ் சாருக்கு மூக்கிலேயே மச்சம்.

வேறு சமயமாக இருந்தால் அவர் இவ்வளவு பயந்திருக்க மாட்டார். மிஷன் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு வாத்தியார். பழைய ஹெட்மாஸ்டர் ஓய்வு பெற்றுவிட்டார். வரும் சனிக்கிழமை பத்து மணிக்கு அந்தப் பதவிக்கு இன்டர்வியூ. அவரை விட்டால் ஆள் இல்லை. ஆனால் விண்ணப்பத்தின் ஏழாவது கேள்வி, 'உம்மீது போலீஸ் வழக்கு ஏதும் உண்டா?' என்பது. அதற்கு அவர் 'இல்லை' என்று எழுதி, அழுத்தமாக ஒரு கோடும் போட்டிருந்தார்.

இன்றைக்கு அறுபதில் வந்த காரணம் இன்னும் கேவலம். காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் பேச நேரமாகிவிட்டது. பேச வேண்டிய தலைப்பு 'நிதானம்'.

சாயங்காலம் திரும்பி வரும்போது அவருக்குள் இருந்த கணக்கு வாத்தியார் விழித்துக்கொண்டார். ஒரு தடவை அறுபதில் போனவன் நாலு தடவை இருபதில் போனால் சராசரி இருபத்தெட்டு. நோட்டில் எழுதுகிறவருக்குக் கூடவா இது தெரியாது? வண்டியைத் திருப்பி, கேமராவுக்கு எதிரே உருட்டிக்கொண்டே போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார். மூன்றாவது தடவை காக்கிச் சட்டைக்காரர் நிமிர்ந்து முறைத்தார். நாலாவது தடவை இரண்டு கையையும் ஆட்டினார்.

"சார், அந்தப் பக்கம் போங்க! என்ன சார் நீங்க, குறுக்கயும் நெடுக்கயும்!"

நோட்டுக்காரர் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஏதோ எழுதினார். இனிமேல் மச்சம் தேவையில்லை, நேரிலேயே அடையாளம் காட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டே சார் வீட்டைப் பார்க்க வண்டியை விட்டார்.

வீட்டில் ஞானபாக்கியம் அம்மாள் அவர் முகத்தைப் பார்த்ததுமே விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வந்தாள்.

"என்னங்க, இப்படி வேர்த்து வடியுது?"

"ஏளா, கேமரால மாட்டிக்கிட்டேன். அறுபது."

"நீங்களா? நீங்க மனுக் கொடுத்த கேமராலயா?"

"அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லாதே."

"கவலப்படாதிய. நாளக்கழிச்சு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். சீட்டு எழுதிப் போட்டுருதேன். ஆண்டவர் பாத்துக்கிடுவாரு."

கோயிலில் ஜெபச் சீட்டுப் பெட்டி ஒன்று உண்டு. வேண்டுதலை எழுதிப் போட்டால் போதகர் எடுத்து வாசித்து ஜெபிப்பார். யாரும் அதில் பெயர் எழுதுவதில்லை. 'ஒரு சகோதரிக்கு', 'ஒரு குடும்பத்துக்கு' என்று பொதுவாக எழுதுவதுதான் வழக்கம். தனராஜ் சாரும் அதை நம்பித்தான் தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை புதிதாக வந்த போதகர், கணீரென்ற குரல்காரர், மைக்கில் வாசித்தார்: "என் கணவர் புதன்கிழமை ஸ்கூட்டரில் அறுபதில் போய்க் கேமராவில் அகப்பட்டார். நாளை அவருக்கு இன்டர்வியூ. அவர் படம் போலீஸ் கண்ணுக்கு மறைக்கப்படும்படி ஜெபிக்கவும். இப்படிக்கு, ஞானபாக்கியம் தனராஜ், முத்தையாபுரம்."

கோயிலே கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னது. முன்வரிசையில் இருந்த இன்பமணி அம்மாள் மட்டும் கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தார். அவர் பள்ளிக்கூடத் தாளாளர் பால்துரையின் மனைவி.

விஷயம் தெரிந்து தனராஜ் சார் குதிகுதியென்று குதித்தார்.

"பேரு எதுக்குளா எழுதின? விலாசம் வேற!"

"பேரு இல்லாம எழுதினா? இந்த வாரம் ஊருல பாதிப் பேரு கேமரால மாட்டியிருக்காங்க. அதுல நீங்க யாருன்னு ஆண்டவர் தேடிக்கிட்டா இருப்பாரு?"

அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது. தாளாளர் பால்துரை. குரலில் ஐஸ் கட்டி.

"மிஸ்டர் தனராஜ், கேள்விப்பட்டது உண்மையா?"

"ஐயா, அது வந்து... காத்து பின்னாலருந்து அடிச்சதுல..."

"எனக்குக் காத்தெல்லாம் தெரியாது. நாளைக்கு வரும்போது, உங்க பேர்ல கேஸ் எதுவும் இல்லன்னு போலீஸ் ஸ்டேஷன்ல ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. லெட்டர் இல்லன்னா நீங்களும் வர வேண்டாம்."

போனை வைத்த கையோடு சார் மைத்துனன் எபனேசரைத் தேடி ஓடினார். டவுனில் பேக்கரி வைத்திருப்பவன். அவருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. ஆபத்துக்கு ஆகிறவன் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

"ஏலே எபனேசரு, ஒரு உதவி. புதன்கிழமை என் வண்டிய ஓட்டுனது நீதான்னு சொல்லிரு."

"அத்தான், நான் செவ்வாய்க்கிழமையே எழுபதுல மாட்டிட்டேன். ஒரு மனுசன் எத்தன கேஸு தாங்குவான்?"

"நீயுமா?"

"யாருதான் இல்ல? பிடிச்சு இழுத்துட்டுப் போனாத்தான் கேஸாம். தானாப் போயி ஒத்துக்கிட்டா எழுதி வாங்கிட்டு விட்டுருதாங்களாம். தாணுலிங்கம் அண்ணாச்சி சொன்னாரு. காலையில எட்டு மணிக்கு ஸ்டேஷனுக்கு வாங்க. நானும் வாரேன்."

சனிக்கிழமை காலை எட்டுக்கு, இன்டர்வியூவுக்குத் தேய்த்து வைத்த வெள்ளைச் சட்டையில் தனராஜ் சார் போலீஸ் ஸ்டேஷன் படியேறினார். வாழ்நாளில் முதல் தடவை. உள்ளே ரேஷன் கடை மாதிரி வரிசை நின்றது. எபனேசர் கையில் மக்ரூன் பொட்டலத்தோடு எட்டாவது ஆளாக நின்று, தனக்கு முன்னால் இவருக்கும் இடம் பிடித்து வைத்திருந்தான். மேஜையில் ஏட்டு செந்தூர்பாண்டி, பேனாவும் கையுமாக, எல்லாரையும் சொந்தக்காரர்களைப் பார்க்கிற முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்து யாரு? சொல்லுங்க, என்னைக்கு? எம்புட்டு வேகம்?"

"வியாழக்கிழமைங்கய்யா. எழுவத்தஞ்சு," என்றார் மீன் வேன் டிரைவர். "ஐஸு உருகுதுல்லா."

"மழை இருட்டிட்டு வந்துது ஏட்டையா. உப்பு நனைஞ்சிருமேன்னு ஒரு மிதி மிதிச்சேன்," என்றார் லாரிக்காரர்.

எல்லாருக்கும் ஒரு நியாயம் இருந்தது. தனராஜ் சாருக்கு அதைக் கேட்கக் கேட்க எரிச்சலாக வந்தது. ஐஸும் உப்பும் ஒரு காரணமா? மனுக் கொடுத்தது இவர்களைப் பிடிக்கத்தானே? பிறகு 'நிதானம்' ஞாபகம் வந்து தலையைக் குனிந்துகொண்டார்.

குனிந்த கண்ணில் முன்னால் நின்றவரின் செருப்பு பட்டது. பளபளவென்று பாலிஷ் போட்ட கறுப்புச் செருப்பு. எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தது. ஆள் செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேரே பிடித்திருந்தார், தலைகீழாக.

"ஐயா... நீங்களா?" என்றார் சார்.

செய்தித்தாள் மெதுவாக இறங்கியது. தாளாளர் பால்துரை.

"சத்தமாப் பேசாதீங்க," என்றார் அவர். முகத்தில் ரத்தமே இல்லை. "அம்பாசிடர். நானே ஓட்டினேன். திங்கக்கிழமை. எண்பது."

"எண்பதா!"

"இன்பமணிக்குத் தெரியாது. நேத்து உங்க சீட்டக் கேட்டுட்டு வந்து, 'இந்த மாதிரி ஆளெல்லாம் ஹெட்மாஸ்டரா?'ன்னு ராத்திரி சாப்பாடு முழுக்க அதே பேச்சு. நான் குழம்ப மட்டும்தான் பாத்துட்டு இருந்தேன்."

தாளாளர் செய்தித்தாளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அந்த லெட்டர் வேண்டாம். பத்து மணிக்கு வந்துருங்க. இன்டர்வியூ எல்லாம் ஒரு சம்பிரதாயம்தான். நாம ரெண்டு பேரும் இங்கன பாத்துக்கிடவே இல்ல."

தனராஜ் சாருக்கு மூன்று நாளாக நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கியது. மூச்சு இவ்வளவு லேசாக உள்ளே போய் வெளியே வரும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. எபனேசரைக்கூடக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. பொட்டலத்தைப் பிரிக்கச் சொல்லி ஒரு மக்ரூனை வாயில் போட்டுக்கொண்டார்.

அவர் முறை வந்தது.

"என்னைக்கு சார்?"

"புதன்கிழமை. காலை எட்டு நாற்பது. அறுபது." பிறகு கணக்கு வாத்தியாரின் மனசாட்சி உறுத்தியது. "அறுபத்திரண்டு இருக்கும்."

"இனிமே நாற்பதுக்கு மேல போக மாட்டேன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுருங்க."

"கேஸ்?"

"கேஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. சந்தோசமாப் போயிட்டு வாங்க."

கையெழுத்துப் போட்ட தாள், மேஜையில் ஒரு சாண் உயரத்துக்கு இருந்த அடுக்கின் மேல் போய் உட்கார்ந்தது. தாளாளர் செய்தித்தாளோடு நழுவிவிட்டார். எபனேசரும் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டான். தனராஜ் சாருக்கு மட்டும் போக மனம் வரவில்லை. நிம்மதி வந்ததும் அதோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் பெருமையும் வந்துவிட்டது.

"ஏட்டையா, ஒரு விஷயம். இந்தக் கேமராவுக்கு மனுக் கொடுத்ததே நான்தான். பலன் கிடைச்சுதா?"

"கிடைக்காம? இந்த ஒரு வாரமா அந்த வளைவுல ஒரு ஆக்சிடென்ட் கூட இல்ல சார். மாட்டுவண்டிக்காரன்கூட மாட்டத் தட்டாமப் போறான்."

சாருடைய நெஞ்சு ஒரு அங்குலம் விரிந்தது. "அப்ப என் போட்டோவ ஒரே ஒரு தடவ காட்டுங்களேன். மச்சம் தெரியுதான்னு பாத்துட்டுப் போறேன்."

செந்தூர்பாண்டி எழுந்து போய்க் கதவை ஒருக்களித்து மூடிவிட்டு, சாருடைய காதோடு குனிந்தார்.

"யார்ட்டயும் சொல்லிராதிய சார், உங்க மனு இன்னும் மெட்ராஸ்லதான் கெடக்கு, அங்கன நிக்கது புதுச் சாக்கடைக்கு மட்டம் பாக்க வந்த சர்வேக்காரங்க, அவங்க வேலை நேத்தே முடிஞ்சிட்டு, இன்னும் பத்து நாளு குடையும் கையுமா சும்மா நில்லுங்கடேன்னு எங்க இன்ஸ்பெக்டர்தான் கெஞ்சிக் கேட்டு நிறுத்தி வச்சிருக்காரு!"