கடலுக்குப் பக்கத்தில் கடல் காய்ச்சியவர்

கடற்கரையில் குடியிருந்துகொண்டே உப்பை விலைக்கு வாங்கி, அதைக் குடிதண்ணீரில் கரைத்து, தனக்கென்று சொந்தமாக ஒரு கடல் செய்துகொண்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் உண்டு. அவர் மண்டபம் என்கிற எங்கள் ஊரில் இருக்கிறார். வேறு எங்கோ இன்னொருவர் இருப்பதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படி இருந்தால் அவரும் எங்கள் ஊரிலிருந்து போனவராகத்தான் இருப்பார்.

ஊர் அவருக்கு வைத்த பெயர் கடல்காய்ச்சி. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். அங்கே ஒரு பெரிய கடை வளாகத்தில் சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டியும் அதற்குள் பவளப்பாறையும் மீன்களும் இருந்ததாம். ஏசி பார்க்கப் போனவர் அதன் முன்னால் நின்றவர்தான், பாதி உயிர் அங்கேயே தங்கிவிட்டது. ஊர் திரும்பும்போது மற்றவர்கள் சென்ட்டும் கம்பளியும் கொண்டுவருவார்கள். இவர் பெட்டியைத் திறந்தால் பம்பு, குழாய், விளக்கு. அடியில் மூட்டையாக உப்பு.

“மஸ்கட்டுக்குப் போயி உப்பு வாங்கிட்டு வந்த ஒரே ஆம்பள என் வீட்டுக்காரருதான்” என்பார் மதினி, அதாவது அவர் மனைவி. அதில் பாதி புகார், பாதி பெருமை. எது எந்தப் பாதி என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

நான் அவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். பஸ் நிறுத்தத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை. குடிபோன முதல் வாரமே என்னைக் கூப்பிட்டுத் தொட்டியைக் காட்டினார். டிவி இருக்க வேண்டிய இடத்தில் ஆள் நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி. உள்ளே தண்ணீர். தண்ணீருக்குள் அவரே சிமெண்டில் பிசைந்து செய்த பாறைகள். வேறு ஒன்றும் இல்லை.

“மீன் எங்கண்ணே?”

“மீனு அப்பறம் தம்பி. மொதல்ல தண்ணி வளரணும்.”

“தண்ணி வளருமாண்ணே?”

“பால் தயிராகுதுல்ல? அதுக்கு உறை ஊத்துறோம்ல? அது மாதிரி. கண்ணுக்குத் தெரியாத பூச்சி கோடிக்கணக்குல இதுல வளரணும். மீனு கழிக்கிறதெல்லாம் விசம். அந்த விசத்தைத் தின்னு செரிக்கிற ஆளு உள்ள தயாரா இருந்தாத்தான் மீனு பொழைக்கும்.”

அந்தப் பூச்சிகளுக்குச் சாப்பாடாக ஒரு இறாலைப் போட்டு அழுகவிட்டிருந்தார். வாரக்கணக்கில் வீட்டில் அந்த வாடை. வருகிற விருந்தாளிகளெல்லாம் மதினியைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

எதிர்வரிசை டீக்கடை பாய்க்கு இவரைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. “கொல்லன் தெருவுல ஊசி விக்கிறவனைக் கேள்விப்பட்டிருக்கேன். நீங்க கொல்லன் தெருவுல உக்காந்துக்கிட்டு ஊசிய அமேசான்ல வாங்குறீங்களேண்ணே. நாலு எட்டு வச்சா கடலு. ஒரு குடம் மொண்டு ஊத்துனா வேலை முடிஞ்சுது.”

“அந்தக் கடலு பெருசு பாய். படகு டீசலு, மீன் கழுவுன தண்ணி, நம்ம ஊரு சாக்கடை, எல்லாத்தையும் வாங்கிட்டு அது பாட்டுக்குக் கெடக்கும். கடல்ல ஒரு மீனு செத்தா நண்டுக்கு விருந்து. தொட்டில ஒண்ணு செத்தா ஊருக்கே விசம். சின்ன வீட்டுக்காரன் பெரிய வீட்டுக்காரன் மாதிரி செலவழிக்க முடியுமா?”

பாய் ஒரு டீ இலவசமாகக் கொடுத்தார். அதையும் நம் ஆள் சும்மா குடிக்கவில்லை. “தண்ணி லாரித் தண்ணியா?” என்று கேட்டுவிட்டுத்தான் குடித்தார்.

தண்ணீரின் உப்பைப் பார்க்க அவரிடம் ஒரு சின்னக் குழல் உண்டு. நுனியில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால் உள்ளே கோடு தெரியும். சட்டைப்பையில் பேனாவுக்குப் பதில் அதுதான் இருக்கும். உச்சிப்புளியில் ஒரு கல்யாணப் பந்தியில், இலையிலிருந்த ரசத்தில் ஒரு சொட்டெடுத்துக் குழலில் விட்டு, ட்யூப்லைட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பந்தி மொத்தமும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு ட்யூப்லைட்டைப் பார்த்தது.

“ரசத்துல உப்பு கடலுக்குக் கொஞ்சம்தான் கம்மி” என்றார், தீர்ப்புச் சொல்லும் குரலில்.

சமையல்காரர் கரண்டியோடு வந்தார். “அப்ப மீனை விட்டுப் பாருங்க. பொழச்சா சொல்லுங்க, மறு ரசம் ஊத்துறேன்.”

ஒருவழியாகத் தண்ணீர் வளர்ந்து, மீன் வந்தது. உயிருள்ள பவளத்தைக் கடலிலிருந்து எடுத்தால் கம்பி எண்ண வேண்டும் என்பதில் அவர் கறார். எடுத்தவரோடு பேச்சுவார்த்தைகூடக் கிடையாது. அதனால் அவருடையது பவளம் இல்லாத பவளப்பாறை, உளுந்து இல்லாத வடை மாதிரி. சென்னைக் கடையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒரு ஜோடி, சில நத்தை, ஓர் இறால். அப்புறம் ஒரு கடல்சாமந்தி. அது பூ இல்லை, விலங்கு. பாறையில் ஒட்டிக்கொண்டு பூ மாதிரி விரல்களை விரித்து அசைந்துகொண்டே இருக்கும். கோமாளி மீன்களுக்கு அதுதான் வீடு. வாங்கும்போது சட்டைப் பித்தான் அளவு இருந்ததை இட்லித் தட்டு அளவுக்கு வளர்த்திருந்தார். பெயர் ராசாத்தி.

ராசாத்தி வந்தபிறகு வீட்டில் சட்டங்கள் பெருகின. கொசுவர்த்தி கூடாது. சாம்பிராணி வாசலோடு சரி. மீன் வறுத்தால் கொல்லைப்புறம். கையில் சோப்பு வாடை இருந்தால் தொட்டிப் பக்கம் வரக்கூடாது. ஆவியாகிப் போன அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் கூடாது, ஏனென்றால் உப்பு ஆவியாகாது. எல்லாவற்றுக்கும் மேலே, செம்பு வீட்டுக்குள் நுழையவே கூடாது. ஆரோக்கியத்துக்கு நல்லது என்று நான் வாங்கிவந்த செம்பு பாட்டிலை, வாசலில் செருப்போடு விடச்சொன்னார். மதினியின் சீர்வரிசைச் செப்புக்குடம் அவர் தங்கச்சி வீட்டுக்குப் போனது. மதினியிடம் ஏன் என்று காரணம் சொல்கிற வழக்கம் அண்ணனுக்கு இல்லை. “தண்ணி விசயம், ஒனக்குப் புரியாது” என்பதோடு முடிந்துவிடும்.

போன கோடையில் ராசாத்தி சுருங்க ஆரம்பித்தது. கூடவே அவர் தட்டில் சோறும் சுருங்கியது. பாறையெல்லாம் பழுப்புப் பாசி. பார்த்துப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார். லாரித் தண்ணீரைச் சுத்தம் செய்கிற ஆர்ஓ மெஷினின் வடிகட்டி தேய்ந்துபோய், அழுக்கெல்லாம் தொட்டிக்குள் வந்திருந்தது. புதிது மாற்றினார். பாசி போனது. அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் ராசாத்தி முன்னைவிட மோசமானது. விரல்கள் வாடித் தொங்கின. இறால் செத்தது. நத்தைகள் கண்ணாடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. கோமாளி மீன்கள் மட்டும் சௌக்கியமாக, வாடிப்போன வீட்டையே சுற்றிச்சுற்றி வந்தன. இவர் தண்ணீரை எடுத்துக் குப்பிகளில் மருந்து விட்டுப் பார்த்தார். உப்பு சரி, சூடு சரி, விஷம் இல்லை.

“ரிப்போர்ட்டெல்லாம் நார்மல் தம்பி. பேஷன்ட் போய்க்கிட்டு இருக்கா.”

டீக்கடையில் விளக்கம் சொன்னார். “முதுகெலும்பு இருக்கிறதுக்கு ஒண்ணும் ஆகல பாய். முதுகெலும்பு இல்லாததுதான் பொட்டு பொட்டுன்னு விழுது.”

“அப்ப நம்ம ஊருல பாதிப் பேரு ஜாக்கிரதையா இருக்கணும்ணே.”

அவர் சிரிக்கவில்லை. சந்தேகம் தெருவின் மேல் பாய்ந்தது. பக்கத்து வீட்டில் பூச்சி மருந்து அடித்தீர்களா என்று கேட்டு ஒரு சண்டை. மாடியில் நான் பினாயில் ஊற்றினேனா என்று விசாரணை. பாயின் அடுப்புப் புகை வந்து தண்ணீரில் இறங்குகிறது என்று ஒரு குற்றச்சாட்டு. தெருவையே கூண்டில் ஏற்றினார். பிறகு அதையும் விட்டுவிட்டுத் தொட்டி முன்னால் சும்மா உட்கார ஆரம்பித்தார். இறங்கிய கொஞ்சச் சோறும் இறங்கவில்லை. பேச்சு நின்றது. எங்களுக்குப் பயம் வந்தது அப்போதுதான். அவர் திட்டாத தெருவில் காலையா மாலையா என்றே தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டார். “மொத்தமா எறக்கிருவோம் தம்பி. பாறையக் கழுவிப் பாப்போம். இதுலயும் ராசாத்தி தேறலைன்னா தொட்டிய வித்துருவேன்.”

ராசாத்தியைப் பாறையோடு தூக்கிப் புதுக்கடல் நிறைத்த வாளியில் வைத்து, மீன்களையும் பிடித்து அதிலேயே விட்டார். நான் குழாய் போட்டுத் தண்ணீரை இறக்கினேன். மதினி அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றார். பின்பக்கப் பாறையை அண்ணன் தூக்கினார். அதற்கடியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு சின்னச் சொம்பு. காசிக்குப் போகிறவர்கள் வாங்கிவருவார்களே, ஈயம் வைத்து வாயடைத்த கங்கைச் சொம்பு, அது. செம்பு. தலையில் ஆணி வைத்து ஓட்டை போட்டிருந்தது. உடம்பெல்லாம் பச்சை பூத்திருந்தது.

அவர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். கடலுப்பில் ஊறுகிற செம்பு, முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு எமன். வீட்டில்தான் செம்பே கிடையாதே என்று, அந்த ஒரு சோதனைக்கு மட்டும் அவர் மருந்து வாங்கி வைக்கவில்லை.

“நான்தான் வச்சேன்” என்றார் மதினி.

நான் வாளியைப் பார்த்துக்கொண்டேன். இடி விழப்போகிறது என்று தெரிந்தால் மனிதன் வாளியைத்தான் பார்க்க வேண்டும்.

“சீலு தொறக்க வரல. ஆணிய வச்சுத் தட்டுனேன். கங்கத் தண்ணி மெதுவா எறங்கட்டும்னு பாறைக்குக் கீழ வச்சேன். அது மொதல்ல சுருங்குனப்பவே நீங்க சரியா சோறு திங்கல. அது போனா இந்த மனுசனும் போயிருவாருன்னு எனக்குப் பயம்.”

“இது எங்கன இருந்துச்சு?”

“அரிசி டிரம்முல. அக்கா காசிக்குப் போனப்ப குடுத்தது. கடைசி நேரத்துல என் வாயில ஊத்தணும்னு வச்சிருந்தேன்.”

கவிழ்த்துப் போட்டிருந்த இன்னொரு வாளி மேல் அவர் உட்கார்ந்தார். இடி விழவில்லை. பம்பு நின்றுபோன வீட்டில், வெளியே அடிக்கிற நிஜக்கடலின் சத்தம் நன்றாகக் கேட்டது.

“அப்ப ஒனக்கு?” என்றார்.

“எனக்கென்ன அவசரம்” என்றார் மதினி. “நீங்க மொதல்ல எந்திரிச்சு அதைப் பாருங்க.”

அன்றைக்கு அவர் காய்ச்சிய கடல் மாதிரி அதற்கு முன்னும் பின்னும் காய்ச்சியதில்லை. பாறைகள் செம்பைக் குடித்திருக்கும் என்று எல்லாவற்றையும் வெளியே எறிந்தார். பாய் கடையிலிருந்து இரண்டு டிரம் வந்தது. யாருடைய அடுப்புப் புகை மேல் வழக்குப் போட்டாரோ அந்த பாய்தான் உருட்டிக்கொண்டு வந்தார். ராசாத்தி பல நாள் வாளியிலேயே சுருண்டு கிடந்தது. ஒரு காலையில் மதினிதான் மாடிப்படியில் நின்று, “தம்பி, விரலை நீட்டியிருச்சு, வந்து பாருங்க” என்று கூப்பிட்டார். இறங்கிப் போனேன். அண்ணன் அடுப்படியில் நின்றுகொண்டு நேற்றைய பழைய சோற்றை அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தார்.

சாயங்காலம் டீக்கடையில் பாய் கேட்டார். “கடைசில எதுனாலண்ணே வந்துச்சு?”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். தண்ணீர் விஷயத்தில் தான் தப்புச் செய்ததாகப் பிறந்ததிலிருந்து ஒப்புக்கொள்ளாத முகம் அது.

“பம்பு வயரு பாய். தோல் உரிஞ்சு செம்புக் கம்பி உள்ள கெடந்திருக்கு. நான்தான் பாக்கல. எம் தப்பு.”

கடை முழுக்கச் சிரித்தது. “ஊரையெல்லாம் கூண்டுல ஏத்துனவரு வீட்டு வயரைப் பாக்கலையா” என்று ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் ஓடியது. ஒருவரையும் அவர் மறுத்துப் பேசவில்லை. டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தார்.

என் ரீசார்ஜ் கடை ராமநாதபுரத்துக்கு மாறியதால் நானும் இப்போது அங்கே வந்துவிட்டேன். மண்டபத்துக்காரர் யாராவது கடைக்கு வந்தால், பேச்சுவாக்கில் “அந்தக் கிறுக்கன் எப்படி இருக்கான்” என்று நான் கேட்பேன், அவர்களும் ஏதாவது சொல்வார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் கிறுக்கன் என்ற அந்தச் சொல்லை அவர்கள் முதலில் சொல்லிவிட்டால் மட்டும் அவர்களுக்கு ரீசார்ஜ் ஆக ரொம்ப நேரம் பிடிக்கும்.