முள்ளுச் சப்பாத்தும் அப்பாவின் புது வலையும்

நான் ஒரு காலத்தில் கோலூன்றிப் பாய்தல் வீராங்கனையாக இருந்தேன். சிரிக்காதீர்கள். அந்தக் காலம் மொத்தமாக ஒன்றரை மாதம் நீடித்தது. அதில் நான் அதிகம் யோசித்தது கோலைப் பற்றியோ பாய்ச்சலைப் பற்றியோ அல்ல. காலில் எதைப் போடுவது என்பதைப் பற்றித்தான்.

வாவிக்கரையில் இருந்த எங்கள் பாடசாலையில் பெண்களுக்கு அந்த வருடம்தான் இந்தப் போட்டியை முதன்முதலாக வைத்தார்கள். போட்டியிட்டவர்கள் இரண்டே பேர், நீல இல்லத்துக்கு நானும் பச்சை இல்லத்துக்கு ஷர்மிளாவும். இல்ல விளையாட்டுப் போட்டியில் வெல்பவர் வலயமட்டத்துக்குப் போகலாம். நான் ஏற்கெனவே தெரிவாகிவிட்டது போல வகுப்பில் எல்லோரிடமும் விடைபெற்றுத் திரிந்தேன். (வயது பதினெட்டு. மூளை இன்னும் வந்து சேரவில்லை.)

விளையாட்டு ஆசிரியர் தட்டையான கன்வஸ் சப்பாத்துப் போதும் என்றார். பாய்ந்து விழும் எங்கள் மெத்தைக்கு முள்ளு வைத்த ஸ்பைக் சப்பாத்து ஒத்துவராது என்றும் இரண்டு தரம் சொன்னார். கிரானில் இருந்த என் மச்சான் மாகாணமட்டத்தில் ஓடியவன். அடியில் முள் வைத்த சப்பாத்து இல்லாவிட்டால் கடைசி எட்டு வைக்கும்போது கால் வழுக்கும், உயரம் கிடைக்காது என்று சொல்லித் தன்னுடையதையே கொண்டுவந்து தந்தான். போனில் பார்த்த வெளிநாட்டுக்காரிகள் எல்லோரும் ஸ்பைக்தான் போட்டிருந்தார்கள். எங்கள் விளையாட்டுச் சேர் போட்டிருந்தது ரப்பர் செருப்பு. நான் யார் பேச்சைக் கேட்பேன்? இரண்டு அளவு பெரிய சப்பாத்தின் நுனியில் கடதாசியைத் திணித்து, லேஸைக் கணுக்காலில் சுற்றிக் கட்டிக்கொண்டேன்.

மெத்தையைப் பற்றியும் சொல்லவேண்டும். பாடசாலையின் ஸ்பொஞ் மெத்தை வெள்ளத்தில் ஊறி நாறிப்போயிருந்தது. அதனால் வைக்கோல் மூட்டைகளை அடுக்கி, மேலே பெற்றோர் தந்த பழைய மீன் வலைகளைக் குவித்து, நீலத் தறப்பாளால் மூடியிருந்தார்கள். பழைய வலையின் முடிச்சுகள் பயிற்சியின்போது முதுகைப் பதம் பார்த்தன. போட்டியன்று காலை, அப்பா பின்னேரம் வாவியில் போடவென்று வைத்திருந்த புத்தம் புதுத் தங்கூசி வலையைச் சாக்கில் சுருட்டிக் கொண்டுபோனேன். நைலோன் மெல்லிசாக, மெத்தென்று இருந்தது. யாரும் காணாமல் தறப்பாளுக்கு அடியில் விரித்தேன். போட்டி முடிந்ததும் பத்திரமாகத் திருப்பி வைப்பதாகத் திட்டம். முள்ளுச் சப்பாத்தையும் வலையையும் திட்டமிட்டது ஒரே தலைதான். ஆனால் அந்தத் தலைக்குள் அவை இரண்டும் சந்திக்கவே இல்லை.

முதல் உயரத்தை ஷர்மிளா தாண்டினாள். அடுத்தது நான். ஓடினேன், கோலை ஊன்றினேன், குறுக்குத் தடிக்கு மேலால் போனேன். சத்தியமாகப் போனேன். எங்கள் நீல இல்லம் தகரம் தட்டியது. முதுகில் விழவேண்டியவள் கால்களில் விழுந்தேன். முட்கள் தறப்பாளைக் கிழிக்க, வலது கால் முழங்கால்வரை உள்ளே போயிற்று. பதறி உதறினேன். உதற உதற வலை இறுகியது. (மீன்களுக்கு மூளை இல்லை என்று சொல்வதை அன்றோடு நிறுத்திவிட்டேன்.)

சேர் இல்லச் சோடனைக்கு வைத்திருந்த கத்தரிக்கோலோடு ஓடிவந்தார். பழைய வலைதானே என்று வெட்டக் குனிந்தார். நான் பேசாமல் இருந்தால் ஒரு நிமிடத்தில் எழும்பி அடுத்த உயரத்துக்குப் போகலாம். ஆனால் அந்த வலையை நம்பித்தான் எங்கள் வீட்டு உலை இருந்தது. வாய் தானாகத் திறந்தது.

"சேர், வெட்டாதீங்க. அது அப்பாட புது வலை."

அறிவிப்பாளர் ஒலிவாங்கியோடு பக்கத்தில் நின்றிருந்தார். மைதானம் முழுக்கக் கேட்டது. வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்கும் கேட்டது.

அப்பா வந்தார். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடினேன். அவர் மெத்தையில் சப்பணமிட்டு இருந்து, என் காலை மடியில் தூக்கி வைத்தார். நூல் இறுகிக் கெண்டைக்கால் கறுத்திருந்தது. வலை பழுதாகாமல் மெதுவாகக் கழற்றப் பார்ப்போமா என்று சேர் கேட்டார்.

"மீனெண்டா ஆறுதலாக் கழட்டலாம் சேர். இது புள்ளைட கால்."

சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலை வாங்கி, தன் புது வலையைத் தானே வெட்டினார். நான் அழுதுவிட்டேன். (கால் நோவென்று ஷர்மிளாவிடம் சொல்லி வைத்தேன்.) வலையைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பியவர், இனி வெறுங்காலோடு பாய் மகள் என்று மட்டும் சொல்லிப் போனார்.

தறப்பாளைத் தைத்த பிறகு வெறுங்காலோடு பாய்ந்தேன். அடுத்த உயரத்தில் மூன்று தரமும் தடியையும் கூட்டிக்கொண்டே விழுந்தேன். ஷர்மிளா கன்வஸ் சப்பாத்தோடு, வீட்டு வாசலைத் தாண்டுகிறவள் போலத் தாண்டினாள். வலயமட்டத்துக்கு அவள் போனாள். ஸ்பைக் கிரானுக்குப் போயிற்று.

அப்பா இரண்டு நாள் இருந்து வலையின் ஓட்டையைப் பொத்தினார். அந்தக் கிழமை மீன் குறைவாகத்தான் பட்டது. அம்மா கூடைக்குள் எட்டிப் பார்த்தா.

"எல்லாம் இவள் பாஞ்ச ஓட்டையால போயிற்று."

இந்தக் கேலி தொடங்கியது அன்றுதான். அந்த வலை நைந்துபோய், பிறகு மூன்று வலை மாறிவிட்டது. ஓட்டையை மட்டும் யாரும் விடுவதாக இல்லை. மீன் படாத நாளில் அப்பா வெறுங்கூடையை என் முன்னால் கவிழ்த்துக் காட்டுவார். நிறைய மீன் பட்ட நாளில் என் பெயரை ஒருவரும் எடுப்பதில்லை. களுதாவளையிலிருந்து என்னைக் கட்டி எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர் வங்கியில் வேலை செய்கிறார், வலையைக் கையால் தொட்டதும் இல்லை. சந்தையில் மீன் விலை ஏறினால் அவரும் என்னைத்தான் பார்க்கிறார்.