டெப்புக்குள் புகுந்த காது மெஷின்

மடுல்கெல்ல
செவ்வாய்க்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை நிரோஷன் அவர்களுக்கு,

மாமா சின்னமுத்து எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சுகம், ஆனால் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. கொழும்பில் நீங்களும் மகள் சுகிர்தாவும் சுகமாகவும் பேசிக்கொண்டும் இருக்க முருகனை வேண்டுகிறேன்.

இதை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் தபாலில் போடுவதற்குக் காரணம் உண்டு. நீங்கள் தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த, அகலப் போன் மாதிரியான அந்த டெப்புக்கு வாய் பெரிது.

போன தேர்த் திருவிழாவுக்குப் பிறகு எனக்குக் காது மந்தம். தேருக்கு மைக் பிடித்து அறிவிப்புச் செய்வது வருடா வருடம் நான்தான். அறிவிப்பாளருக்கே காது கேட்காது என்று கோயில் கமிட்டிக்குத் தெரிந்தால் மைக் அன்றைக்கே சந்திரிகா டீச்சர் கைக்குப் போய்விடும். அந்தப் பிள்ளைக்கு நல்ல குரல், அதுதான் பயம். அதனால் உங்கள் அத்தை இல்லாத நேரம் பார்த்து, காது மெஷின் எப்படி இருக்கும் என்று டெப்பில் ஒரே ஒரு தடவை தேடினேன். அந்தப் பக்கம் என்னை உள்ளே விடும் முன், உங்கள் விபரங்களைச் சேமித்துக்கொள்ளலாமா, ஏற்கிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டது. வாசலுக்கு வந்தவரைப் பிளேன்டீ கொடுக்காமல் அனுப்பாத குடும்பம் நம்முடையது, பணிவாகக் கேட்கிறவரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது, எல்லாவற்றையும் ஏற்கிறேன் என்று அமுக்கினேன். அன்றிலிருந்து எந்தப் பக்கம் கேட்டாலும் அமுக்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மறுநாள் ராசிபலன் பார்த்தால் காது மெஷின். மரக்கறி விலை பார்த்தால் காது மெஷின். மரண அறிவித்தலைத் திறந்தால் செத்தவர் படத்துக்குப் பக்கத்திலும் காது மெஷின், அவருக்கு இனி எதுக்குங்க அது? அதோடு விட்டதா? உங்கள் அத்தை டெப்பில் நாடகம் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடுவில் வந்து, ‘உங்கள் அன்புக்குரியவருக்குக் காது கேட்கவில்லையா?’ என்று கேட்டுவிட்டது. "எனக்கா காது கேக்கல? கூப்பிட்டா திரும்பிப் பாக்காதது நீங்க, செவிடி நானா? டெப்புகிட்ட போயா என்னயப் பத்திக் குறை சொன்னீங்க?" என்று பிடித்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் லயத்து வீடுகள் முழுக்கப் பரவி மைக் போகும், சொல்லாவிட்டால் சோறு போகும். சோற்றை விட்டு மைக்கைப் பிடித்துக்கொண்டேன்.

டெப்பைத் தூக்கிக்கொண்டு, போன் வேலை பார்க்கும் கொமினிகேஷன் கடை லோஜினியிடம் போனேன். "மாமா, நீங்க பாக்குற பக்கம் ஒங்க டெப்புக்குள்ளயே ஒரு சின்ன அடையாளம் வச்சிட்டுப் போகுது. வேற பக்கம் போனாலும் விளம்பரக்காரங்க அதப் பாத்துட்டு, காது மெஷின் தேடுனவரு வந்துட்டாருன்னு தெரிஞ்சுக்கிறாங்க. அழிச்சு விடவா?" என்றாள். மாப்பிள்ளை கொடுத்த சாமான், அவரைக் கேட்காமல் அதில் எதையும் அழிப்பது மரியாதை இல்லை என்று சொல்லித் திரும்பி வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக் கூட்டம். தேர்ச் சோடனை காட்ட டெப்பை நடுவில் வைத்து ஒரு பூக்கடைப் பக்கத்தைத் திறந்தேன். பூவுக்கு முன்னே பெரிய காது ஒன்று வந்து நின்றது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். மைக் போச்சுடா சின்னமுத்து என்று நினைத்துக்கொண்டேன். தலைவர் மருதை அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "என் விஷயத்த இதுக்கு யாரு சொன்னா?" என்றார். பொருளாளர், "என்னயத்தான் சொல்லுதுன்னு நெனச்சேன்" என்றார். செயலாளர், என்ன பேசுறீங்க, சத்தமாப் பேசுங்க என்றார். விசாரித்தால் கமிட்டியில் ஒழுங்காகக் காது கேட்பவர் ஒருத்தர்கூட இல்லை. இத்தனை வருடமும் தீர்மானமெல்லாம் ஏகமனதாக நிறைவேறியது அப்படித்தான். எல்லோரும் ஒரே வேனில் கண்டிக்குப் போய்க் காது சோதித்துவிட்டு வந்தோம். தேருக்கு முன் மெஷின் வந்துவிடும், மைக்கும் எனக்கேதான்.

ஆகையால் அந்த அடையாளத்தை அழிக்க வேண்டாம் மாப்பிள்ளை. கமிட்டிக்காரர்கள் புது மொடல் பார்க்க வந்து போகிறார்கள். அத்தையிடமும் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிவிட்டேன், லோஜினி சொன்ன அடையாளக் கதை உட்பட. "ஊருக்கே சொல்லிட்டுக் கடைசியா எங்கிட்ட சொல்றீங்க" என்றவள்தான், அதற்குப் பிறகு பேச்சு இல்லை. மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. மெஷினைப் போட்டதும் முதலில் அவள் குரலைத்தான் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

மாரியம்மன் உங்கள் இரண்டு பேரையும் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். தேருக்குக் கட்டாயம் வாங்க.

இப்படிக்கு,
உங்கள் மாமா
சின்னமுத்து

பி.கு.: கடித உறையை ஒட்டும் முன் ராசிபலன் பார்த்தேன். காது மெஷினைக் காணோம், தங்கச் சங்கிலி வந்திருக்கிறது. மரக்கறி விலையிலும் சங்கிலி, மரண அறிவித்தலிலும் சங்கிலி. மத்தியானம் முழுக்க உங்கள் அத்தை டெப்போடு உட்கார்ந்திருந்தது இதற்குத்தான் போல. மேலே எழுதியதை மறந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்து எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். அடுப்பை விட்டு வந்து குசினிக் கதவடியில் நின்று என் முகத்தையே பார்க்கிறாள், ஒரு வார்த்தை பேசவில்லை. மெஷின் இல்லாமலே எனக்கு நன்றாகக் கேட்கிறது.