ஜமக்காளத்தை உருவிய ஒத்தக்காது அண்ணன்

காவேரிக்கு இந்தக் கரை, அந்தக் கரை இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். மேடையில் உட்கார்ந்திருக்கும் வித்வானை மண்டிபோட்டு மூன்று சுற்று சுற்றி வந்த ஒரே மனிதர் எங்கள் ஒத்தக்காது அண்ணன்தான். பக்தியெல்லாம் கிடையாது. அவர் மைக்செட்காரர்.

காது இரண்டும் அவருக்கு நன்றாகவே இருந்தன. ஆனால் மைக் வைக்குமுன் இடது காதை விரலால் அடைத்துக்கொள்வார். வலது காதை வாத்தியத்தை ஒட்டிக் கொண்டுபோய் மேலே, கீழே, பக்கவாட்டில் என்று அலைவார். காதுக்கு எந்த இடம் பிடிக்கிறதோ அந்த இடத்தில்தான் மைக். "மைக்குக்கு ஒரே காதுதாங்க சார். அது கேக்கற மாதிரி நாமளும் கேட்டாத்தான் தெரியும்" என்பார்.

ஒரு தடவை மிருதங்க வித்வான் ஒருவர், யாரோ காலில் விழுகிறார் என்று நினைத்து அண்ணன் தலையில் கைவைத்து, "தீர்க்காயுசா இரு" என்று ஆசீர்வாதம் பண்ணிவிட்டார். "சரிங்க, அந்தக் கையைக் கொஞ்சம் எடுங்க, மறைக்குது" என்றார் அண்ணன்.

உறையூரில் கடை. ஸ்ரீரங்கத்தில் நான் செயலாளராக இருந்த சங்கீத சபாவுக்கு அவர்தான் நிரந்தர மைக்செட். எங்கள் தலைவர், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், இவரைக் கண்டாலே முகம் சுளிப்பார். போதாக்குறைக்கு ஒரு உபன்யாசத்தின் நடுவே ஸ்பீக்கர் வீலென்று கத்தி, தலைவர் கையிலிருந்த காபி அவர் வேஷ்டியிலேயே கொட்டிவிட்டது.

"ஓய் செக்ரட்டரி, இன்னொரு தரம் ஒரு புகார் வந்துதுன்னா புதுக் கம்பெனிக்காராளைக் கூப்பிட்டுடுவேன். அப்புறம் எங்கிட்ட சிபாரிசுக்கு வராதேயும்!"

இதை அண்ணனிடம் சொன்னேன். மனுஷர் ஆடிப்போய்விட்டார். "கல்யாண வீட்ல எல்லாம் சத்தமா வைய்யி, சத்தமா வைய்யிங்கறாங்க சார். உங்க சபாவுலதான் நான் பாட்டுன்னு ஒண்ணு கேக்கறேன். இதுவும் போச்சுன்னா நான் எதுக்குங்க இந்தத் தொழில்ல இருக்கணும்?" என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஸ்பெயின்காரர் வந்தார். லயம் கற்றுக்கொள்ள ஸ்ரீரங்கத்தில் வந்து தங்கியிருந்த கிடார்க்காரர். அவர் வாசிப்பது ஃபிளமெங்கோ, அவர்கள் ஊர்ச் சங்கீதம். சபாவில் ஒரு மணி நேரம் வாசிக்கச் சம்மதித்தார்.

கிடாரில் ஒயர் சொருக ஓட்டையே இல்லை, மைக் வைத்துத்தான் ஆகவேண்டும். அண்ணனுக்கு ஏக சந்தோஷம். தறித்துணித் துண்டுகளில் சுற்றி வைத்திருந்த மைக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிரசங்கத்துக்கு வைக்கும் குண்டு மைக்கை, "இது தடிச்ச தோலு, நுணுக்கமெல்லாம் ஏறாது" என்று ஒதுக்கினார். வீணைக்கு மட்டும் எடுக்கும் பென்சில் மைக்கைக் கையில் எடுத்தார். பிறகு காதைப் பொத்திக்கொண்டு பிரதட்சிணம்.

கிடாரின் நடு ஓட்டைக்கு நேரே, "இங்க ஒரே கும்முனு இருக்கு." கீழ்ப்பக்கம், "இங்க கீச்சுங்குது." கழுத்தும் உடம்பும் சேரும் இடத்துக்கு வந்ததும் முகம் மலர்ந்தது. "இங்கதாங்க இருக்காரு!" ஒன்றரை சாண் தள்ளி, கொஞ்சம் சாய்த்து மைக்கை வைத்தார்.

கச்சேரிக்கு முன்னால் சோதனைக்காக ஸ்பெயின்காரர் கொஞ்சம் வாசித்தார். தேன். ஆனால் நடுநடுவே டக், டக்.

"ஒயர் லூசு" என்று ஒயரை மாற்றினார். டக். இன்னொன்று மாற்றினார். டக் டக். மூன்றாவதையும் மாற்றிவிட்டு, வெறுத்துப்போய் மைக்கையே கழற்றினார். அப்போதும் டக். "மைக்கே இல்லாம எப்படிங்க கேக்குது?" என்று குனிந்து பார்த்தால், வாசிக்கிறவர் மோதிர விரலால் பலகையில் தட்டிக்கொண்டிருக்கிறார்!

"சாரை அந்தக் கட்டையில தட்டாம வாசிக்கச் சொல்லுங்க" என்றார் என்னிடம். நான் இங்கிலீஷில் சொன்னேன். ஸ்பெயின்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். மிருதங்கக்காரரை வலது பக்கம் மட்டும் வாசிக்கச் சொல்வீர்களா என்று கேட்டார். நான் மொழிபெயர்த்ததும் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி! இவரே பக்கவாத்தியமும் வாசிக்கறாருங்க! அதைப் போயி நான் அடக்கப் பாத்தேனே!"

அதற்குமேல் அவரைப் பிடிக்க முடியவில்லை. தட்டலும் தந்தியும் சமமாகக் கேட்கும்வரை மைக்கை விரற்கடை விரற்கடையாகத் திருப்பினார். காலால் தட்டுவதும் தாளம்தான் என்று தெரிந்ததும், மேடையில் விரித்திருந்த ஜமக்காளத்தைச் சரக்கென்று உருவினார். தலைவர் அலறிக்கொண்டு ஓடிவந்தார். "மரியாதைக்கு விரிச்சதை உருவறாரே! வந்தவர் என்ன நினைச்சுப்பார்?"

"ஜமக்காளம் தாளத்தைத் தின்னுடுங்க" என்றார் அண்ணன். தலைவர் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, கச்சேரி நடக்கும்போது இந்த மனுஷன் மேடைப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

கச்சேரி அமோகமாகத்தான் ஆரம்பித்தது. பாதியில் ஸ்பெயின்காரருக்கு வேகம் பிறந்து, நாற்காலியோடு ஒரு முழம் பின்னால் நகர்ந்துவிட்டார். மைக் அங்கே, கிடார் இங்கே. சத்தம் தேய்ந்தது. வால்யூமைக் கூட்டினால் ஸ்பீக்கர் கத்தும். நான் அண்ணனைத் தேடினேன். ஆளைக் காணோம்.

மேடையைப் பார்த்தால், ஓரத்திலிருந்து குப்புறப் படுத்து ஊர்ந்து வந்துகொண்டிருக்கிறார்! ஸ்டாண்டை மெல்ல நகர்த்தினார். கிடார் திரும்பி வந்தது. திரும்பப் போனால் இடைஞ்சல் என்று, அங்கேயே நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்தார். "யாரோ சேவிக்கறா பாருங்கோ, என்ன பக்தி!" என்று முன்வரிசை மாமி உருகிப்போனாள். எனக்குத் தலைவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

முடிந்ததும் தலைவர் என்னிடம் வந்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன். "என்னமா வாசிச்சார் ஓய்! விரல் வேற, தட்டு வேற, கால் வேறன்னு தனித்தனியா காதுல வந்து விழுந்துது!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

அண்ணன் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

"தலைவர் மைக்கைப் பத்தி ஏதாவது சொன்னாருங்களா?"

"ஒண்ணும் சொல்லலை."

"ஜனங்க?"

"யாரும் ஒரு வார்த்தை பேசலை, அண்ணே."

அப்படியே மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். "போதுங்க சார். மைக்குனு ஒண்ணு இருந்துச்சுன்னே யாருக்கும் தெரியக் கூடாது. அவ்வளவுதாங்க என் தொழிலு" என்றார். அதன்பின் அவராகத் தொழிலை விடும்வரை சபாவில் வேறு மைக்செட் நுழையவில்லை.

இப்போது பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறார். யாரும் பேசக் கூடாது என்றவரைப் பற்றிப் பத்திரிகையில் ஒரு பக்கம் எழுதிவிட்டேன், படித்தால் கோபம் வரும். போன் பண்ணித் திட்டுங்க அண்ணே. உங்க குரலைக் கேட்டு ரொம்ப நாளாச்சு.