சில்வெஸ்டரின் மூன்று மணிக் கச்சேரி

கல்யாணம் கட்டி முப்பத்தெட்டு வருசம் கழித்து, சில்வெஸ்டர் தன் சொந்த மனைவியை உளவு பார்ப்பதென்று முடிவெடுத்தார்.

தப்பாக நினைக்கவேண்டாம். ஞானராணிக்கு வீடு, தேவாலயம், கல்முனைச் சந்தை, இந்த மூன்றையும் தாண்டி நாலாவது இடம் தெரியாது. சில்வெஸ்டருக்கு அறியவேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். நான் பியானோ வாசிக்கும்போது இவள் கேட்கிறாளா, இல்லையா?

நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்ற நாள் முதல், பின்னேரம் மூன்று மணிக்கு அவர் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, மண்டபத்துக்கு வருவார். மண்டபம் என்றால் அவர் வீட்டு முன்னறைதான். முதல் அரை மணித்தியாலம், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த முந்நூறு வருசத்துப் பழைய ஐரோப்பிய இசை. அடுத்த அரை மணித்தியாலம் இந்த வருசத்துச் சினிமாப் பாட்டுகள். அறுபது வயதுக்கு மேல், போனைப் பார்த்துப் பார்த்து அவற்றைப் பழகினார். எல்லாம் ராணிக்காகத்தான். பழசு பிடிக்காவிட்டால் புதுசாவது பிடிக்கட்டுமே!

ஆனால் முதல் சுரம் எழும்பும்போதே ராணியும் கதிரையை விட்டு எழும்பிவிடுவாள். நேரே குசினிக்குள் போய்விடுவாள். ஒரு நாளாவது இருந்து கேட்டதில்லை.

முன்பு அவர் வாசித்த தேவாலயத்தில் இப்போது கிளெய்டன் என்ற பொடியன் கீபோர்ட் வாசிக்கிறான். அது தானாகவே மேளமும் அடிக்கிறது. கனடாவில் இருக்கும் மகள் மேர்சியாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினால், பாட்டு பாதிக்கு வரும்போதே "சுப்பர் டடா" என்று வைத்துவிடுகிறாள். இவ்வளவு பெரிய உலகத்தில் தனக்கென்று ஒரு சோடிக் காது கூட இல்லையா என்ற கவலை சில்வெஸ்டரைத் தின்றது. சில நாட்களில் வாசித்து முடித்துவிட்டு, வெறும் கதிரைகளைப் பார்த்துத் தலை குனிந்து வணங்குவார். கதிரைகள் கைதட்டுவதில்லை.

அதனால்தான் உளவு. காலையில் ராணி மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போன நேரம் பார்த்து, ஒரு மணித்தியாலக் கச்சேரியை அப்படியே போனில் பதிவு செய்தார். பின்னேரம் மூன்று மணி. முதல் சுரத்தைக் கையால் வாசித்து, ராணி எழும்பிக் குசினிக்குள் போனதும், மேர்சியா அனுப்பிய குட்டி ஸ்பீக்கரைப் பியானோவின் மேல் வைத்தார். போனைத் தட்டினார். கதவைச் சாத்தினார். பக்கத்துக் கதவால் பூனை மாதிரி இறங்கி, பக்கத்து வீட்டு அப்துல் ஹமீட் காக்காவின் வளவுக்குள் நுழைந்து, மதிலுக்கு மேலால் தன் வீட்டுக் குசினி யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன தம்பி, உங்கட கோழி ஏதும் எங்கட வளவுக்குள்ள வந்திட்டா?"

சில்வெஸ்டர் துள்ளிப்போனார். பின்னால் ஹமீட் காக்கா.

"உஷ்! மெல்லமாக் கதைங்க காக்கா."

"நீங்க இஞ்ச நிக்கீங்க. அப்ப அங்க வாசிக்கிற ஆரு?"

"நான்தான்."

காக்கா ஓரடி பின்னுக்குப் போனார். "வெயிலுக்குள்ள நிக்காதீங்க தம்பி. உள்ள வாங்க, தண்ணி தாறன்."

வேறு வழியில்லாமல் சில்வெஸ்டர் விசயத்தைச் சொன்னார்.

"இதுக்கா மதில்ல தொங்குறீங்க? கேக்கியா இல்லையா எண்டு அவட்டயே கேட்டா முடிஞ்சி."

"கேட்டா, 'ஓம், கேக்கிறன்' எண்டு சொல்லுவா."

"மறுகா என்ன?"

"அத நம்ப ஏலாதே!"

காக்கா பெருமூச்சு விட்டார். "எங்கட வீட்டில நான் கதைக்கிறதையே ஒருத்தரும் கேக்கிறதில்ல. உங்களுக்குப் பாட்டும் கேக்கோணுமா?"

யன்னலுக்குள் ராணி குனிந்த தலையோடு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். அவருடைய மிக நல்ல பாட்டு வந்தது. தலை நிமிரவில்லை. அதைவிட நல்ல பாட்டு வந்தது. கத்தி மட்டும்தான் அசைந்தது. வீட்டுக்குள் பியானோ தானாக வாசிக்கிறது, அவள் தன் பாட்டில் வெட்டுகிறாள், தான் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று என்று சில்வெஸ்டருக்குப் பட்டது.

அப்போது பள்ளிவாசலில் பின்னேரத் தொழுகைக்கு அழைக்கும் அஸர் பாங்கு எழும்பியது.

காக்கா தொப்பியைச் சரிசெய்துகொண்டு புறப்பட்டவர், நின்று காதைக் கொடுத்தார். "தம்பி, பாங்கு சொல்றாங்க. உங்கட பெட்டி நிக்கல்லயே?"

சில்வெஸ்டருக்கு உச்சியில் அடித்தது போலிருந்தது. இந்தத் தெருவுக்குக் குடிவந்த நாள் முதல், பாங்கு கேட்டால் அவர் கை பியானோக் கட்டையை விட்டுத் தானாக எழும்பிவிடும். யாரும் கேட்டுச் செய்ததில்லை. பாங்கு முடிந்ததும் விட்ட இடத்தில் இருந்து தொடருவார். ஆனால் காலை பத்து மணிப் பதிவுக்கு அஸர் எங்கே தெரியும்? அது பாங்குக்கு மேலாலேயே ஓடிக்கொண்டிருந்தது.

யன்னலுக்குள் ராணியின் தலை சட்டென்று நிமிர்ந்தது. கத்தியை வைத்தாள். ஆளைக் காணோம்.

சில்வெஸ்டர் ஓடிவந்து கதவைத் திறந்தபோது, ராணி ஸ்பீக்கரை நிற்பாட்டிவிட்டு, பியானோவுக்குப் பக்கத்துக் கதிரையில் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு இருந்தாள்.

"பாங்குக்கும் நிக்கல்ல எண்டதும், உங்களுக்கு என்னவோ ஆகிட்டு எண்டு பயந்திட்டன். இஞ்ச வந்து பாத்தா ஆளே இல்ல, பெட்டி வாசிக்கி!"

"அப்ப... நீ கேட்டுக்கொண்டா இருந்த?"

"தினமும்தானே கேக்கிறன். பழசில நாலாவது பாட்டுக்கு இடக்கை பிந்துது. போன மாசத்தில இருந்து. புதுப் பாட்டெல்லாம் பயந்து பயந்து வாசிக்கீங்க."

சில்வெஸ்டருக்குக் கண் கலங்கியது. முப்பத்தெட்டு வருசத்தில் இதைவிட நல்ல கைதட்டு அவருக்குக் கிடைத்ததில்லை.

"அப்ப ஏன் ராணி ஒவ்வொரு நாளும் எழும்பிப் போற?"

"நான் எழும்பாட்டி ராச்சாப்பாட்டுக்கு ஆரு தேங்காய் திருவுற? வாசிக்கிற ஆளுட கையில திருவலையக் குடுக்க ஏலுமா? இந்தக் கதிரையில இருந்து ஒரு நாளைக்காவது முழுசாக் கேக்கோணும் எண்டு எனக்கும் எவ்வளவு ஆசை தெரியுமா?"

"இப்ப கேளு ராணி! நான் வாசிக்கிறன்." அவர் அவசரமாகப் பியானோவின் முன் குந்தினார்.

"நீங்க எழும்புங்க." ராணி ஸ்பீக்கரை அவரிடம் நீட்டினாள். "முதல்ல இருந்து இதைப் போட்டு விடுங்க. வாசிக்கிறதுக்குத்தான் இது இரிக்கே. இண்டைக்குத்தான் உங்கட கை சும்மா இரிக்கி. தேங்காய் உடைச்சு வெச்சிரிக்கன்."

குசினிக்குள் திருவலையில் குந்திக்கொண்டு சில்வெஸ்டர் முதல் பாதியைத் திருவினார். சாத்திய கதவுக்கும் சுவருக்கும் ஊடாக, அவருடைய பியானோ மெலிந்து, தூரத்தில் யாரோ வாசிப்பது போல் வந்தது. இப்படித் தனியாக இருந்துதான் இவள் இத்தனை காலமும் கேட்டிருக்கிறாள் என்று நினைக்க மனம் நொந்தது. கதவை மெல்லத் திறந்து எட்டிப் பார்த்தார். கதிரையில் சாய்ந்து, கண்ணை மூடி, ராணி கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் வாழ்நாள் முழுக்கக் காணத் தவித்த முகம் அது. நாலாவது பாட்டில் இடக்கை பிந்தியபோது அவள் இலேசாகச் சிரித்ததையும் கண்டார். நிறைந்த நெஞ்சோடு திரும்பிவந்து, அடுத்த பாதியை உற்சாகமாகத் திருவத் தொடங்கினார்.

முன்னறையில் இருந்து ராணியின் குரல் வந்தது.

"இஞ்சேருங்க, மெள்ளத் திருவுங்க! பாட்டுக் கேக்க ஏலாமக் கிடக்கு."