ஊர் தலைக்கு மேலே ஒரு முஷ்டி

கடல் நடுவே எண்ணெய் மேடையில் வேலை பார்க்கும் என் அருமை மகளுக்கு, கரையிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். உன் உடம்பும் நலமாக இருக்க வேண்டும். உன் ஆறு ஊர்களும் நலம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மீதியைப் படிக்கும்போது உனக்குப் படபடப்பு வரும்.

நீ கிளம்பும்போது கம்ப்யூட்டர் விளையாட்டில் இருக்கும் உன் ராஜ்ஜியத்தை ஆறு வாரம் பார்த்துக்கொள்ளச் சொன்னாய். அலுவலக நண்பர்கள் நாலு பேரோடு எட்டு மாதமாக ஆடும் ஆட்டம், நாளுக்கு ஒரு தடவைதான் நம் முறை வரும், ஊர்களுக்கு மேலே ஏதாவது படம் தெரிந்தால் கவனியுங்கள், இல்லாவிட்டால் 'முறை முடிந்தது' என்பதை அழுத்திவிட்டு எழுந்துவிடுங்கள் என்றாய். முப்பத்தொரு வருஷம் ரயில்வேயில் சிக்னல் பார்த்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நானும் தலையாட்டிவிட்டேன். ஆனால் சிக்னலில் மொத்தமே மூன்று நிறம்தான் கண்ணு. உன் ஊர்களின் மேல் கிண்ணம், சங்கிலி, முஷ்டி, பூட்டுப் போட்ட வீடு என்று ஒரு பாத்திரக்கடையே தொங்குகிறது.

இரண்டாம் நாளே ஆற்றங்கரை ஊரின் மேல் பொறி பறந்தது. தீப்பிடித்துவிட்டது என்று பதறி, எல்லை ஊரில் சும்மா நின்றுகொண்டிருந்த சிப்பாய்கள் அத்தனை பேரையும் அணைக்க அனுப்பினேன். போய்ச்சேர மூன்று நாள் ஆனது. அது தீ இல்லையாம், வாணவேடிக்கையாம் என்பது பிறகுதான் தெரிந்தது. விளைச்சல் நன்றாக இருந்ததால் ஜனங்கள் கொண்டாடிக்கொண்டிருந்தார்களாம். கொண்டாட்டத்துக்கு நடுவே ஈட்டியோடு நாற்பது பேர் நுழைந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? மறுநாள் பொறி போய் முஷ்டி வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று கை உயர்த்திக் காட்டுகிறார்கள் போல என்று நினைத்து எனக்கு ஒரே சந்தோஷம். தலைநகரின் மேல் காலிக் கிண்ணம் வந்தது, எல்லாரும் சாப்பிட்டு முடித்தாயிற்று என்று எடுத்துக்கொண்டேன். எல்லை ஊரைச் சுற்றிச் சங்கிலி வந்தது, பத்திரமாகப் பூட்டியிருக்கிறார்கள் என்று நிம்மதியாகக் காய்கறி வாங்கப் போய்விட்டேன்.

எட்டாம் நாள் உன் அம்மா எனக்கு மாத்திரை கொடுக்க வந்தவள், திரையைப் பார்த்து நின்றுவிட்டாள். ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவள் கண், உனக்குத் தெரியாததா?

"இந்த ஊரு எத்தனை நாளாப் பட்டினி கிடக்கு?"

"அது சாப்பிட்டு முடிச்ச கிண்ணம்."

"சாப்பிட்டவங்க இப்படியா இருப்பாங்க? எழுந்திரிங்க."

எழுந்தேன். அவள் உட்கார்ந்து, படத்தின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தாள். உடனே பக்கத்தில் அர்த்தம் எழுதி வருகிறது! எட்டு நாளும் எனக்குத் தெரியாமலே போயிற்றே. கிண்ணம் பஞ்சமாம், முஷ்டி கலகமாம், பூட்டுப் போட்ட வீடு என்றால் குடியிருக்க இடமில்லையாம், சங்கிலி என்றால் எதிரி வந்து சுற்றி வளைத்துவிட்டானாம். நீ ஆசை ஆசையாகக் கட்டிக்கொண்டிருந்த கோபுரத்தை அம்மா அப்படியே நிறுத்திவிட்டு, கொத்தனார்களை வயலுக்கு அனுப்பினாள். நோயாளி பட்டினி கிடக்கும்போது வார்டுக்கு யாராவது வெள்ளையடிப்பார்களா என்று என்னைத்தான் திட்டினாள்.

எல்லை ஊரை வளைத்திருந்தது, உன்னோடு ஆடும் நாலு பேரில் ஒருவரான, அலுவலக வரைபடப் பிரிவு நண்பர். அம்மா அவருக்குச் செய்தி அனுப்பி நலம் விசாரித்தாள். அவர் நீ என்றே நினைத்து, இரண்டு நாளாக ஜுரம், தலை பிளக்கிறது, ஆனாலும் உன் ஊரை விடப்போவதில்லை என்று எழுதினார். அம்மா தட்டினாள்:

"தம்பி, நான் அவ அம்மா. மூணு நாளைக்கு ஸ்கிரீனையே பாக்காதீங்க. சூடா ஏதாவது குடிச்சிட்டுப் படுங்க. ஊரு எங்கயும் ஓடிடாது."

அவரும் சமர்த்தாகப் படுத்துவிட்டார். மூன்று முறை தவறியதில் அவர் படைக்குச் சாப்பாடு தீர்ந்து, முற்றுகையை விட்டுத் திரும்பிப் போய்விட்டது. என்ன தந்திரம் என்று நான் மெச்சினேன். ஜுரக்காரனிடம் என்ன தந்திரம் என்று அம்மா அரை நாள் பேசவில்லை. நாலாம் நாள் ஜுரம் விட்டதும் அவர் சமாதானம் கேட்டு, இரண்டு வண்டி தானியமும் அனுப்பியிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து ஆறு ஊரின் மேலும் ஒரு படம்கூட இல்லை. எல்லாத் தண்டவாளமும் காலியாக இருக்கும் நேரம் எனக்கு ஒரு நிம்மதி வரும், அது வந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு, 'சாப்பிட வாங்க', 'வரேன்' என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு அதிகம் இல்லை. இப்போது சாப்பாட்டு மேஜையில் ஆற்றங்கரை ஜனங்களைப் பற்றி ஒரு மணி நேரம் வாதாடுகிறோம். குழம்பு ஆறிப்போவதும் தெரிவதில்லை.

உன் காலுக்குக் கீழே மேடை ஆடாமலும், ஊர்களுக்கு மேலே வானம் வெறுமையாகவும் இருக்கட்டும். காற்றில் காதை மூடிக்கொள். அம்மாவின் ஆசியும் இதில் சேர்த்தி.

இப்படிக்கு,
பதவியிறக்கப்பட்ட உன் அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் வரைபட நண்பரிடமிருந்து செய்தி. தலைநகரில் இன்னும் பஞ்சமாக இருக்கிறதே, தானியம் போதவில்லையா என்று கேட்கிறார். எங்கள் வானம் சுத்தம் என்று பெருமையாகப் பதில் போட்டேன். படங்களை மறைக்கிற பொத்தான் ஒன்று உண்டு, அது அழுந்தியிருக்கிறதா பாருங்கள் என்றார். அழுந்தித்தான் இருந்தது. எடுத்துவிட்டேன். மொத்தம் பதினொரு படம், அதில் நாலு முஷ்டி. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறாள். நீ ஒன்றும் அவசரப்பட்டு வர வேண்டாம்.