பாதி நாற்காலி ராஜா

பாதி நாற்காலி ராஜா என்றொரு இனம் உண்டு. எங்கள் மாஸ்கோவின் ஜார் க்ளெப் அதில் பழுதில்லாத உருப்படி.

மகுடம் முழுசு, அங்கி முழுசு, சிம்மாசனம் மட்டும் பாதி. மறுபாதியில் தம்பி ஜார் ரோமான் உட்கார்ந்து பல்லால் கொட்டை உடைத்துக்கொண்டிருப்பார். முதுகுக்குப் பின்னால் ஒரு திரை, திரையில் ஒரு ஓட்டை, ஓட்டையில் அத்தை மாவ்ராவின் வாய். ராஜ்ஜியம் இருந்தது அந்த வாயில். அப்படியானால் க்ளெப்புக்கு என்ன வேலை? எழுந்திருப்பது, தூதர் முத்தமிடக் கையை நீட்டுவது, அவர் போனதும் கையைக் கழுவுவது, அத்தை ஓதியதை உரக்கச் சொல்வது, தம்பி "நானும் அதேதான்" என்றபின் அத்தை உத்தரவு கொடுத்ததும் உட்கார்வது. இரண்டு ஜாரும் சொன்னால்தான் சட்டம். லேசான உத்தியோகமா? சாயங்காலமானால், "இன்னைக்கு ஒரு சண்டைய நிறுத்தினேன்யா" என்று காலைப் பிடித்துவிடச் சொல்வார். யாரோடு சண்டை? அதை அத்தையிடம்தான் கேட்க வேண்டும்.

முட்டைக்கோஸ் வைத்த பிரோக் அப்பம் தினமும் கிடைத்தவரை அவருக்கு ஒரு குறையும் இல்லை. கடைசியில் அதைச் சுடும் தீகொனே மாட்டிக்கொண்டான். ஜார் இரண்டு என்றால் கும்பிடும் இரண்டு. நெற்றி இரண்டு தரம் தரையைத் தொட வேண்டும். கையில் சூடு பறக்கும் தட்டோடு வந்தவன் ஒன்றோடு நிறுத்திவிட்டான்.

"ஒரே கும்பிடா? அது எந்த ஜாருக்குடா?" என்று உறுமினார் அரண்மனை அதிகாரி.

பாவி, என்ன சொன்னாலும் ராஜதுரோகம்!

சபை கூடியது. தீகொன் தரையில் கிடந்தான். க்ளெப் எழுந்தார். ஓட்டை கிசுகிசுத்தது: "சைபீரியான்னு சொல்லு."

"ராசா, பெசஞ்ச மாவு பொங்கிக்கிட்டுக் கெடக்கு," என்றான் தீகொன் தரையைப் பார்த்தபடி.

ஜாரின் வயிறு சபை கேட்கப் பசியில் இரைந்தது. சைபீரியாவுக்கு யார் போய் பிரோக் வாங்கி வருவது?

"டேய் க்ளெப்பு, காது அடைச்சுப்போச்சா? சைபீரியா!"

"வீடு!" என்று கத்திவிட்டார் ஜார். "இவன் வீட்டுக்குப் போகட்டும்!"

தாடிகள் எல்லாம் ஒரே வீச்சில் நிமிர்ந்தன. ரோமான் கொட்டையைக் கடித்தபடியே, பழக்கதோஷத்தில், "நானும் அதேதான்," என்றார்.

முடிந்தது. சட்டம்! பிறந்ததிலிருந்து முதல் தடவையாக க்ளெப் சொந்தமாக ஒரு வார்த்தை பேசிவிட்டார். தலை கிறுகிறுத்தது, மகுடம் காதுவரை இறங்கியது, கால் தரையில் பாவவில்லை. அந்தக் குஷியிலேயே வாயெல்லாம் பல்லாகத் திரையின் பக்கம் திரும்பினார்.

"அத்தே, சரியாச் சொன்னேனா?"

திரைக்குப் பின்னால் ஆளே இல்லை என்பதுதான் சபை இத்தனை காலம் கட்டிக்காத்த நம்பிக்கை. அத்தை என்ன செய்வாள்? வாயைத் திறந்தால் அம்பலம்.

தீகொன் விவரமானவன். க்ளெப்புக்கு ஒரு கும்பிடு, ரோமானுக்கு ஒரு கும்பிடு, திரைக்கு ஒரு கும்பிடு என்று மூன்றாகப் போட்டுவிட்டு, எடுத்தான் ஓட்டம்.

க்ளெப் மட்டும் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்லி இன்னும் உத்தரவு வரவில்லையே!

சிரிக்கிறீரா? சிரியும். நாளைக்கு வீட்டிலோ சங்கத்திலோ தலைமை நாற்காலியில் ஏறி, "நான் சொன்னா சொன்னதுதான்" என்று தொண்டையைச் செருமுவதற்கு முன்னால், கையைப் பின்னால் விட்டு ஒரு தரம் தடவிப் பாரும். திரைத் துணி தட்டுப்படுகிறதா?